போர்வை அனுப்பிய கரை

குளிர்காலம் என்று துணிந்து சொல்லத்தக்க ஒன்று வடசென்னைக்குக் கிடையாது. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கடற்காற்றின் ஈரமும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஊதலுமே நமக்குக் குளிர். இருந்தும் மழை தொடங்கும் முன்பே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைவாசல்களில் போர்வைகள் குன்றுபோல் எழுந்துவிடுகின்றன. முன்பெல்லாம் அக்குன்றில் பருத்திப் போர்வையும், சோலாப்பூர் விரிப்பும், சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் வாங்கும் கம்பளியும் இருந்தன. இன்று 'ஃப்ளீஸ்' என்னும் செயற்கை இழைப் போர்வையே மேலோங்கி நிற்கிறது. தொட்டால் பூனைக்குட்டியின் முதுகு போன்ற மென்மை. கையில் எடை தெரியாது. விலையும் எளியோருக்கு எட்டும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் குளிர்சாதனக் கருவி பொருத்திய வீடுகள் பெருகிய பின்னர், வைகாசி மாதத்திலும் அது விற்கிறது.

வீட்டுக்கு எந்தப் போர்வை நல்லது என்று கேட்போருக்குக் கடைக்காரர் விடை சொல்லிவிடுவார். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு முந்திய கதையை. உலகின் பல நாடுகள் படுக்கை விரிப்பும் போர்வையும் வாங்க வந்து நின்ற கரை இது.

1639இல் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் டே இக்கடற்கரையில் இடம் பார்த்தபோது அவரை ஈர்த்தது துறைமுகம் அன்று. துறைமுகமே அப்போது இங்கில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளில் அலையோடு போராடித்தான் ஆளும் சரக்கும் கரையேற வேண்டியிருந்தது. அவரை ஈர்த்தது துணி. பிற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவாக நல்ல துணி இங்கே கிடைக்கும் என்று அவர் தம் மேலவர்க்கு அறிவித்தார். கோட்டை அதன் பின்னர் எழுந்தது.

தறியிலிருந்து இறங்கும் துணி வெண்மையாக இருப்பதில்லை. பழுப்பேறி, பாவுக்கஞ்சி ஏறி, முரடாக இருக்கும். உவர்மண்ணும் சுண்ணாம்பும் கூட்டி வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்து, மீண்டும் உலர்த்தி வெளுத்தால்தான் அது கப்பலேறும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தடையின்றி வெயில் விழும் பரந்த வெளி வேண்டும். கோட்டைக்கு வடக்கே அவை இரண்டும் இருந்த இடத்தில் கும்பினியின் வண்ணார்கள் குடியமர்ந்தார்கள். நகரத்தின் பேட்டைகள் பல ஆளுநர் பெயரையும் வணிகர் பெயரையும் தாங்கி நிற்க, வண்ணாரப்பேட்டை உழைத்த கைகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று போர்வை வாங்க நாம் செல்லும் கடைத்தெரு, அன்று துணி விரித்துக் காயப்போட்டவர்களின் மண்.

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையும் அப்படித்தான். இறைவனின் காலடி பட்ட தலம் என்று பெயருக்குப் பொருள் சொல்வோர் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கொலெட் நெசவாளர்க்கென அமைத்த 'கொலெட் பேட்டை'தான் மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயில், காஞ்சி வரதரை நாள்தோறும் வணங்கச் சென்ற தம் ஊழியர் ஒருவருக்காக அந்த ஆளுநரே எழுப்பித் தந்தது என்பது ஊர் வழக்கு. பின்னர் 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர் ஆகியோருக்காகச் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தது. இவற்றையெல்லாம் கும்பினியின் கருணை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. நெசவாளர் எங்கோ சிதறிக் கிடந்தால் துணி நேரத்துக்கு வாராது. அருகே இருந்தால் கண்காணிக்கலாம். முன்பணம் கை நீட்டி வாங்கிய நெசவாளி, அந்தத் துணி முடியும்வரை பிறருக்கு நெய்து விற்க இயலாதவனாகக் கட்டுண்டான். நல்ல விலை தரும் வேறு வணிகன் வாசலில் வந்து நின்றாலும் அவனுக்குப் பயனில்லை.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி அமர்ந்து அதே வணிகத்தைச் செய்தனர். சோழமண்டலக் கரை நெடுகிலும், மசூலிப்பட்டினம் வரையில், கலங்காரிச் சாயத் துணிகள் உருவாயின. அவற்றுள் ஐரோப்பியச் சீமாட்டிகள் மயங்கிப் போனது 'பாலம்போர்' என்னும் படுக்கைப் போர்வைக்கு. 'பலங்போஷ்' என்ற சொல்லின் திரிபு அது; கட்டிலை மூடுவது என்பது பொருள். குன்றின் மேல் ஒரு மரம். அதன் வளைந்த கிளைகளில் உலகில் எங்கும் இல்லாத பூக்களும் கனிகளும் பறவைகளும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களின் படுக்கையறைகளில் இத்தகைய துணிகளே தொங்கின. சிறந்த சில அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. 250 ஆண்டுகளாகியும் அந்தச் சிவப்பு வெளிறவில்லை.

அந்தச் சிவப்பின் மறைபொருளை ஐரோப்பாவுக்கு விளக்கமாக எழுதியவர் ஒரு துறவி என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார். கர்நாடக மறைப்பணித் தளத்தைச் சார்ந்த இயேசு சபை அருட்தந்தை கேர்து, 1742 சனவரியில் எழுதிய மடலில் சாயத்தொழிலைப் படிப்படியாக விரித்துரைத்தார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிறர்க்கு முன்பே சுட்டிக்காட்டிய அறிஞரும் அவரே. பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் பரவிக் கலங்காதபடி தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் மரக்கட்டையின் மேல் வைத்து அடித்து வழவழப்பாக்கி, ஊசியால் துளையிட்ட தாளை மேலே பரப்பிக் கரித்தூளைத் தட்டினால் ஓவியத்தின் கோடுகள் துணியில் இறங்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீர். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குதல். கடைசியில் இம்பூறல் எனப்படும் சாயவேரின் கொதிநீரில் துணியை இட்டதும், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச் செவேலென்று சிவக்கும்.

இதை அவருக்குச் சொன்னவர்கள் யார்? அவரிடம் திருமுழுக்குப் பெற்ற சாயக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் காத்த தொழில் நுணுக்கத்தைத் தம் ஞானத்தந்தையிடம் நம்பி உரைத்தார்கள். அது அச்சாகி, கடல் கடந்து, எவரும் படிக்கும் ஏடாயிற்று. பிரான்சு நாடு இத்துணிகளின் மீது 1686இல் விதித்த தடையை 1759இல் நீக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூய் என்ற ஊரில் ஓபர்காம்ப் தம் புகழ்பெற்ற துணி அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். கேர்துவின் மடல் ஒன்றாலேயே இது நிகழ்ந்தது என்று சொல்வது மிகை. ஐரோப்பியர் இக்கலையைக் கற்க வேறு வழிகளும் இருந்தன. அறிவைப் பகிர்வது நன்று என்ற எண்ணத்தோடே அவர் எழுதியிருக்க வேண்டும் என்று நாமும் கருதுகிறோம். ஆனாலும் சொன்னவரின் அனுமதி, சொன்னவருக்குரிய பயன் ஆகிய இரண்டைப் பற்றியும் அக்காலத்தில் எவரும் கவலைப்படவில்லை. மடல் எழுதியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சாயக்காரர் ஒருவர் பெயரும் நிற்கவில்லை.

இங்கிலாந்தும் 1700, 1720 ஆகிய ஆண்டுகளில் சட்டம் இயற்றி இந்தியச் சாயத் துணிகளைத் தன் வீடுகளிலிருந்து விலக்கியது. அதன் பின்னர் ஆலை நூலும் ஆலைத் துணியும் எதிர்த்திசையில் வரத்தொடங்கிய கதை யாவரும் அறிந்தது. அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை. 1856இல் தென்னகத்தின் முதல் பயணியர் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய காலத்தில், நம் கரை துணி அனுப்பும் கரை என்பதைவிடத் துணி வந்திறங்கும் கரையாகவே மாறியிருந்தது.

தறி போன இடத்தில் ஆலை வந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலை 1876இல் பெரம்பூர்ப் பகுதியில் தோன்றியது. கர்நாடிக் ஆலை சில ஆண்டுகளில் தொடர்ந்தது. 1920இல் இரண்டும் ஒன்றாயின. அதே நிறுவனம் நிர்வகித்த பெங்களூர்க் கம்பளி ஆலை போர்வைகளுக்குப் பெயர் பெற்றது. பெரம்பூரில் நெய்த காக்கித் துணி படைவீரர் உடலில் உலகைச் சுற்றியது. உள்ளே உழைத்தவருக்கோ பகல் உணவுக்கு அரைமணி நேரம் மட்டுமே. 1918 ஏப்ரல் 27 அன்று, செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு ஆகியோரின் முயற்சியாலும், பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் துணையாலும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. 1921 வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. சாதி வேற்றுமை தொழிலாளரைப் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கத்தின் மீது நிறுவனம் தொடுத்த வழக்கின் விளைவாக எழுந்த கிளர்ச்சியே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆலை 1996இல் மூடப்பட்டது. பின்னர் அதன் கூடங்களில் திரைப்படத்துக்கு அரங்குகள் அமைத்தார்கள்.

இனி ஃப்ளீஸுக்கு வருவோம். அதன் பிறப்பிடம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரம். பெரம்பூரைப் போன்றே அதுவும் ஆலை நகரம். வார வேலை 56 மணியிலிருந்து 54 மணியாகச் சட்டத்தால் குறைந்தபோது முதலாளிகள் கூலியையும் குறைத்ததால், 1912இல் பல நாடுகளிலிருந்து குடியேறிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வெளியேறிப் போராடி வென்ற ஊர். அங்கிருந்த மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் இந்தத் துணியை உருவாக்கியது. பாலியஸ்டர் நூலை வளையம் வளையமாகப் பின்னி, கம்பிப்பல் உருளைகளால் அவ்வளையங்களைக் கலைத்து, பின் சீராகக் கத்தரித்துவிட்டால் ஆட்டு உரோமம்போல் ஒரு பரப்பு கிடைக்கும். அதன் இழைகளுக்கிடையே சிறைப்படும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. போர்வைக்குத் தனியே வெப்பம் ஏது? நீரை உறிஞ்சாததால் விரைவில் உலரும். ஆட்டு மந்தையும் வேண்டா, பருத்திக் காடும் வேண்டா. 1993இல் பழைய குளிர்பான பாட்டில்களை உருக்கியும் இதைச் செய்யத் தொடங்கினர்.

1995 டிசம்பர் 11 இரவு அந்த ஆலை தீப்பற்றி எரிந்தது. காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அல்லது கூலி குறைந்த நாட்டுக்கு ஆலையைக் கொண்டுபோயிருக்கலாம். உரிமையாளர் ஆரன் ஃபாயர்ஸ்டீன் இரண்டையும் செய்யவில்லை. ஆலையை அதே ஊரில் எழுப்புவதாக அறிவித்ததோடு, ஏறக்குறைய 3000 தொழிலாளருக்குச் சில மாதங்கள் கூலியையும் தொடர்ந்து கொடுத்தார். யூத மறைநூலில் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர் அவர். ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையைக் கதிரவன் மறையுமுன் அவன் போர்த்தி உறங்கத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற கட்டளையும், கூலியாளின் கூலியை அதே நாள் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையும் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்பதை நம் வாசகர் எடுத்துப் பார்க்கலாம். போர்வையும் கூலியும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

இக்கதை இனிதே முடியவில்லை. புது ஆலைக்கு வாங்கிய கடன் அழுத்தியது. மலிவான ஃப்ளீஸ் பிற நாடுகளிலிருந்து குவிந்தது. 2001இல் நிறுவனம் நொடித்தது. ஆலை அவர் கையைவிட்டுப் போயிற்று. 2021இல் அவர் மறைந்தார். பெரம்பூர் ஆலை கதவடைத்ததும் லாரன்ஸ் ஆலை எரிந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். நம் கடைத்தெருவில் குவியும் மலிவுப் போர்வையின் பின்னால் இரண்டு நகரங்களின் ஆலைத்தெருக்கள் இருக்கின்றன. இன்று இந்தியாவில் போர்வைக்குப் பேர்போன ஊர் அரியானா மாநிலத்துப் பானிப்பட்டு. உலகம் கழித்த பழங்கம்பளி உடைகளைக் கிழித்து, நூலாக்கி, நிவாரணப் போர்வை நெய்த அவ்வூரும் அண்மை ஆண்டுகளில் பாலியஸ்டருக்கு மாறி வருகிறது.

பாலியஸ்டரின் மூலம் கச்சா எண்ணெய். அவ்வகையில் அது நம் ஊருக்கு அந்நியம் அன்று. 1965இல் அமைக்கப்பட்ட சென்னை சுத்திகரிப்பு நிறுவனத்தின் மணலி ஆலை 1969 முதல் இயங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதும், திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் கறுப்புக் கறையாக ஏறியதும் அண்மைக்கால நிகழ்ச்சி. மீனவர் வலைகளும் படகுகளும் கெட்டன. எண்ணெய் ஏறிய பாயையும் போர்வையையும் எந்த வெள்ளாவியும் மீட்காது. வழக்கம்போல் நிவாரணமாகப் போர்வைகள் வந்தன.

நிவாரணப் போர்வையைப் பற்றி ஒரு சொல். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் இக்கரைக் குப்பங்களில் போர்வைகள் குவிந்தன. 2015 வெள்ளத்திலும் அவ்வாறே. கொடுப்போர் மனம் நல்ல மனமே. ஆனால் கொடுப்பதற்கென்று தேடும்போது மிக மெல்லியதையும், மிக மலிவானதையும் தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கிறித்து பிறப்புக் காலத்தில் ஏழைகளுக்கு வழங்கும் போர்வைகளைத் தூக்கிப் பிடித்தால் மறுபுறம் வெளிச்சம் தெரியும். தூய மார்ட்டின் ஆமியான் நகர வாயிலில் பாதியாக வெட்டிக் கொடுத்தது தாம் உடுத்தியிருந்த போர்வையை. அதனால் இரவலனுக்கும் அவருக்கும் கிடைத்தது ஒரே தரம். நம் மரபில் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். மயில் உடுத்தாது என்பது அறியாதவனா அவன்? அந்தக் கொடையைச் சான்றோர் 'கொடைமடம்' என்று வகைப்படுத்தியதில் மெல்லிய சிரிப்பு ஒன்றும் இருக்கிறது. யாருக்கு எந்தப் போர்வை உதவும் என்று பார்ப்பதும் கொடையில் சேர்ந்ததே.

அவ்வாறு பார்த்தால், ஃப்ளீஸ் சில வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். முதியோருக்கு எடையற்ற வெப்பம் வேண்டும். கனத்த கம்பளியை அவர்களால் இழுத்துப் போர்த்த இயலாது. மழைக்காலத்தில் துணி உலராத ஒண்டுக்குடித்தனத்தில் அரை நாளில் உலரும் போர்வை பெரிய உதவி. வாங்குகையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அட்டையில் பார்க்கலாம்: நம் ஊருக்கு 200 முதல் 250 போதும், 300க்கு மேற்பட்டவை உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உரியவை. உள்ளங்கையால் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் உருண்டை திரளும் துணி, நான்கு சலவையில் சொரசொரப்பாகிவிடும். வெந்நீரும் இஸ்திரியும் அதற்குப் பகை.

அது பொருந்தாத இடங்களும் உண்டு. விளக்கோ அடுப்போ பாயருகே இருக்கும் ஓரறைக் குடிசையில் பாலியஸ்டர் ஆபத்தானது. பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஓராண்டு நிறையாத குழந்தையின் மேல் எந்தத் தளர்ந்த போர்வையையும் போட்டு உறங்கவைக்கலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. வியர்வையை உறிஞ்சாததால், மின்சாரம் நின்ற இரவில் அதற்குள் புழுங்கிப் போவோம். மேலும் ஒன்று: செயற்கை இழை ஆடை ஒன்று ஒரு சலவையில் 1900க்கும் மேற்பட்ட நுண்ணிழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சலவை நீர் போய்ச் சேரும் இடம் கடல். காசிமேட்டில் மீன் வாங்கும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அடிக்கடி துவைக்காமல் வெயிலில் உதறிப் போடுவது அப்போர்வைக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

நம் தட்பவெப்பத்துக்கு ஆண்டில் பதினோரு மாதங்கள் வேண்டியது பருத்திதான். பல முறை துவைத்து நைந்த அம்மாவின் நூல் சேலையைப் போல மென்மையான போர்வையை எந்த ஆலையும் இதுவரை செய்ததில்லை. வடசென்னையில் பிறந்த குழந்தைகளின் தூளி அதனால் ஆனது. கடையில் வாங்குவதானால் ஈரோட்டுக்கு அருகே சென்னிமலையில் கைத்தறியில் நெய்யும் போர்வை இருக்கிறது. முதல் மாதம் சற்று முரடாக இருக்கும். துவைக்கத் துவைக்க இணங்கி வரும். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் அது இன்றும் கிடைக்கிறது. தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி உண்டு.